ஏழாம் வாரம்: இறைமை

விசா இன்னும் வரவில்லை,
பாடம் தொடங்கிவிட்டது.
அங்கே பின்னேரம் மூன்று, இங்கே ஏழரை.
வெள்ளவத்தை, நாலாம் மாடி.
அலுமாரிக் கதவில் வெள்ளை விரிப்பொன்றைத் தொங்கவிட்டு
அதற்கு முன்னால் இருக்கிறேன்,
மற்ற எல்லாருக்கும் பின்னால் வெள்ளைச் சுவர் என்பதால்.
திரையில் பதினெட்டுச் சதுரங்கள்.
என்னுடையதில் மட்டும்
காற்றாடிக்கு விரிப்பு அசைகிறது.

பேராசிரியர் ஹெண்ட்ரிக்கா கேட்கிறார்:
அரசு ஏ ஒப்பந்தத்தை மீறுகிறது,
அரசு பீ பொறுத்திருக்கிறது,
யாருக்கு இலாபம்?

மின்சார சபை எங்களுக்கும் ஓர் எழுத்து வைத்திருக்கிறது.
நாங்கள் ஜே.
ஜே-க்கு இன்றைக்கு எட்டேகாலுக்குப் போகும்.
தெஹிவளை மச்சாள் வீடு கே,
ஆறுக்கே போய் இந்நேரம் வந்திருக்கும்.
ஏ-யும் பீ-யும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர்
போன் சார்ஜ் போடப் போய்
சோறும் தின்றுவிட்டு வருவதாக
இதுவரை வாசித்த எந்தக் கோட்பாட்டிலும் இல்லை.

அடுத்த ஸ்லைட். கடனும் இறைமையும்.
கீழே ஒரு படம்:
நீலச் சிலிண்டர்களின் நீண்ட வரிசை,
ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்தபடி,
ஆட்கள் நிழலில்.
எங்கே எடுத்ததென்று அவர் சொல்லவில்லை.
பின்னால் தெரிந்த பச்சை ஷட்டர்
மர்ஷிதா வேலைசெய்யும் பார்மசி.

அவள் குசினியில், கரண்ட் போகமுன்
பருப்பை அவித்துவிடும் அவசரத்தில்.
கூப்பிட்டுக் காட்டினேன்.
"ஏழாவது எங்கட. சிவப்புக் கயிறு, பார்."
அகப்பைக் காம்பால் திரையைத் தொட்டாள்.
மைக் திறந்திருந்தது.
பதினேழு சதுரங்களும் நிமிர்ந்தன.

"மித்யூலா, ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா?"

விரும்பவில்லை.
ஆனால் ஏ.எல்.லுக்கு மனனம் செய்தது வாயில் வந்து நின்றது:
மக்கள், ஆள்புலம், அரசாங்கம், இறைமை.
நாலு மூலக்கூறு, நாலு புள்ளி.
நாலாவதை ஆங்கிலத்தில் சொல்லி, பிறகு
ஏனோ தமிழிலும் சொன்னேன்.
அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்றான் லூக்காஸ்.

இறை என்றால் கடவுள்.
அரசனும் அதுதான்.
அரசன் எடுக்கும் வரிக்கும் அதே பெயர்.
குனிந்து எழுதிக்கொண்டார்கள்.
இன்னுமொன்று இருக்கிறது, என்று தொடங்கினேன்,
கிணற்றிலிருந்து

ஜே போனது.

எட்டுப் பத்துத்தான்.
மிச்ச ஐந்து நிமிடத்தை யாரிடம் கேட்பது?
ரவுட்டரின் பச்சைக் கண் மூடிக்கொள்ள
ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்
கடல் இருப்பது காதில் விழுந்தது.

மோட்டர் இல்லை, மேல்தாங்கி காலி.
கீழே வொட்ச்சர் சோமபால
சம்பின் மூடியைக் கிளப்பி வைத்திருந்தார்.
ஒரு வாளி, ஒரு நைலோன் கயிறு,
படியெல்லாம் போன் வெளிச்சம்.
வீட்டுக்கு நாலு வாளி என்று
யார் தீர்மானித்ததென்று தெரியாது,
எல்லாரும் ஏற்றுக்கொண்டோம்.
மர்ஷிதா ஐந்தாவது கேட்டாள்.
இரண்டு மொழியில் சின்னதாய் ஒரு சண்டை.
கடைசியில் அந்த வாளி
முதலாம் மாடிக் கைக்குழந்தை வீட்டுக்குப் போனது,
சண்டை பிடித்தவளே தூக்கிக்கொண்டு போனாள்.
சோமபால சிங்களத்தில் எண்ணினார்,
நான் தமிழில்.
அவருக்கு முப்பத்தொன்று வந்தது, எனக்கு முப்பது.

பத்தே முக்காலுக்கு வெளிச்சம்.
இரண்டு மின்னஞ்சல்.
உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.
மற்றது ஹெண்ட்ரிக்கா:
தொடர்பு அறுந்துவிட்டது, வருந்துகிறேன்,
அந்த நாலாவது பொருளை
வெள்ளிக்கு முன் நூற்றைம்பது சொல்லில் அனுப்ப முடியுமா?

வலது உள்ளங்கையில் கயிறு இழுத்த கோடு,
விசையைத் தட்டும்போதெல்லாம் எரிகிறது.
கிணறு என்று அடித்தேன்.
அழித்துவிட்டு, சம்ப் என்று போட்டேன்.
அதற்கு ஆதாரம் கேட்பார்கள்,
அடிக்குறிப்பில் யாரைப் போடுவது,
சோமபாலவின் எண்ணிக்கையையா, என்னுடையதையா?

பருப்பு பாதி அவிந்தபடி கிடந்தது.
மர்ஷிதா மறுபடி அடுப்பைப் போட்டாள்.